ஊருக்கொரு பெயர் பெற்ற கோழி

வான்கோழியை ஆங்கிலேயர் 'டர்க்கி' என்பர். துருக்கி நாட்டையும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் அப்படியே அழைத்தனர். ஆதலால் அப்பறவை துருக்கியில் தோன்றியது என்று எண்ணிவிடலாகாது. அதன் தாயகம் வட அமெரிக்கா. மெக்ஸிகோவின் பூர்வகுடிகள் பழக்கி வளர்த்த அப்பறவையை 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆப்பிரிக்காவின் கினிக்கோழி அதற்கு முன்பே துருக்கியர் ஆட்சிப் பகுதிகளின் வழியாக இங்கிலாந்தை அடைந்து, 'துருக்கிக் கோழி' எனப் பெயர் பெற்றிருந்தது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால் அப்பெயர் புதிய பறவைக்கும் ஒட்டிக்கொண்டது என்பர் மொழியறிஞர்.

துருக்கியர் அதனை எப்படி அழைக்கின்றனர் தெரியுமா? 'ஹிந்தி', அதாவது இந்தியப் பறவை! பிரெஞ்சுப் பெயரும் இந்தியாவையே சுட்டுகிறது. 1492-இல் கொலம்பஸ் தாம் அடைந்த நிலத்தை இந்தியா என நம்பியதன் எச்சம் இது. டச்சு மொழியின் 'கல்கூன்' நமது கள்ளிக்கோட்டையின் பெயரால் அமைந்தது. எகிப்தியர் 'ரூமிச் சேவல்' என்பர். ஷாம் பகுதியில் அபிசீனியாவைக் குறிக்கும் 'ஹபஷ்' என்ற சொல் வழங்குகிறது. போர்த்துகீசியருக்கு அது 'பெரு'. மலாய் மக்களுக்கு டச்சுக்காரர் கோழி. இவற்றுள் ஒன்றேனும் மெக்ஸிகோவைச் சுட்டவில்லை.

1612-இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து இப்பறவையைக் கொண்டுவந்தபோது, அதன் பெயரை அறிந்தவர் எவருமிலர் என்று பேரரசர் ஜஹாங்கீர் எழுதிவைத்தார். தலையும் கழுத்தும் நிறம் மாறுவதை உற்றுநோக்கிப் பதிவு செய்தார். ஓவியர் மன்சூர் தீட்டிய அதன் படம் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அமெரிக்கப் பேச்சுவழக்கில் தோல்வியுற்ற நாடகமும் 'டர்க்கி'தான். துருக்கி அரசு தன் நாட்டை ஆங்கிலத்திலும் 'துர்கியே' என்றே வழங்குமாறு கோர, 2022-இல் ஐ.நா. சபை அதனை ஏற்றது. பறவையின் பெயரோ மாறவில்லை.

நம் தமிழகத்திலும் இக்கதை உண்டு. துருக்கர் என்ற சொல்லே திரிந்து 'துலுக்கர்' ஆயிற்று. தமிழே தாய்மொழியாய், இம்மண்ணிலேயே பிறந்து மடியும் நம்மையும் அப்பெயரால் அழைத்தனர். மெக்ஸிகோவில் தோன்றிய மலரொன்றும் இங்கே 'துலுக்கச் சாமந்தி' ஆனது.

தூரத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் எதற்கும், விசாரியாமல் ஒரு பெயரைச் சூட்டிவிடுவது மனித இயல்பு. பட்டப்பெயரிட்டு அழைப்பதைத் திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் தடுக்கிறது. அண்டை வீட்டாரையும், பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தோரையும் நம் வீட்டுப் பிள்ளைகள் எப்பெயரால் குறிப்பிடுகின்றனர்? இன்றே கவனியுங்கள். அவர்களின் உண்மைப் பெயரைக் கேட்டறியப் பழக்குங்கள்.