ஸ்பெல்லிங்கும் ஒரு சாஸ்திரமா?

நம் பிள்ளைகள் இங்கிலீஷ் வார்த்தைகளை எழுத்துத் தப்பாய் எழுதிவிட்டால், உடனே அவர்களுடைய குலத்தை எடுத்துப் பேசுகின்ற வாத்தியார்கள் இன்னமும் இருக்கிறார்கள். "உன் அப்பன் பள்ளிக்கூடம் கண்டானா, உனக்கு ஏறுவதற்கு?" என்பதுதான் அவர்கள் நடத்தும் பாடம். இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். கத்தியை 'நைப்' என்று சொல்லிவிட்டு, எழுதும்போது முன்னால் ஒரு 'கே'யைப் போடுகிறார்களே, அது எதற்கு? "அது அப்படித்தான், நெட்டுருப் போடு" என்பார்கள். புராணப் பிரசங்கி சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சங்கதி இதுதான். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அந்தக் 'கே'யை வாய்விட்டே உச்சரித்தார்கள். 1476-ல் காக்ஸ்டன் அங்கு அச்சுக்கூடம் வைத்தது முதல் எழுத்து சிறுகச் சிறுக உறைந்து போயிற்று; நாக்கு மாத்திரம் மாறிக்கொண்டே வந்தது. கடனுக்குப் பேர் 'டெட்'. முன்னே அதில் 'பி' கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள் தங்கள் மேதாவித்தனத்தைக் காட்ட நடுவில் சொருகினார்கள். தீவு என்னும் 'ஐலண்ட்'டில் உள்ள 'எஸ்' அதைவிட மோசம். இல்லாத லத்தீன் உறவைக் கற்பித்து நுழைத்தது. (நம் ஊர்ப் பண்டிதர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.) பண்டிதர் செய்த தப்புக்கு ஏழு வயதுக் குழந்தை ஏன் உதை வாங்க வேண்டும்? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறதே!

பின் எப்படிச் சொல்லிக்கொடுப்பதென்றால், வார்த்தை முழுவதும் கோணல் அல்ல. 'டெட்'டில் டி, இ, டி மூன்றும் காதில் விழுகிறபடியே இருக்கின்றன; கோணல் 'பி' ஒன்றுதான். அந்த ஒன்றை மாத்திரம் வர்ணத்தில் எழுதி, அதன் கதையைச் சொல்லுங்கள். 'க்நைப்' என்று வேடிக்கையாய்ச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்யுங்கள். 'நைட்', 'லைட்', 'ரைட்' ஒரே குடும்பமாதலால் ஒன்றாய்க் கொடுங்கள். பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை எழுதுவதில் பிரயோஜனம் குறைவு. பார்க்கட்டும், மூடட்டும், எழுதட்டும், திறந்து ஒத்துப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு நாலைந்து வார்த்தை போதும். அவற்றையே மறுநாளும் அடுத்த வாரமும் கேட்க வேண்டும். இங்கிலீஷ் அறியாத தாயாரும் இதைச் செய்யலாம். புத்தகத்து எழுத்தோடு பிள்ளையின் எழுத்தை ஒத்துப் பார்க்கக் கண் இருந்தால் போதாதா?

எழுத்தில் கை வைக்கலாமா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1828-ல் அமெரிக்காவில் வெப்ஸ்டர் தம் அகராதியில் 'கலர்' என்பதிலிருந்து 'யு'வை எடுத்துவிட்டார். பெரியார் 1935-ல் 'குடிஅர'சில் திருத்தி அச்சிட்ட தமிழெழுத்தை 1978-ல் சர்க்காரே ஏற்றது. ஆகாயம் இடிந்து விழவில்லை. இங்கிலீஷ்காரர்கள் தங்கள் எழுத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும். அதுவரை, 'பி' இல்லாமல் கடனை எழுதிவந்த பையனிடம் வாத்தியார், "நீ காதால் கேட்டதைச் சரியாகத்தான் எழுதினாய், இதில் பண்டிதர் எழுத்து ஒன்று உண்டு" என்று சொல்லி, அதைக் காட்டட்டும்.