இரண்டாம் தசமதானத்தை விற்கும் வியாபாரிகள்

அளக்கும் கருவியைப் பொய் சொல்லி விற்பது, தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்து விற்பதைவிடக் கெட்ட காரியம். தராசில் ஏமாந்தவனுக்கு அன்றைக்கு மட்டுந்தான் நட்டம். கருவியில் ஏமாந்தவன் அதனை நம்பியிருக்கும் காலம் முழுவதும் நட்டப்படுகிறான். வீட்டில் பியர் காய்ச்சுவோரைக் குறிவைத்து இணையத்திற் குவிந்து கிடக்கும் பீஎச் மானி விளம்பரங்களைப் பற்றியே இதைச் சொல்கிறேன்.

காய்ச்சுவது என்றதும் நம்மவர் சிலருக்குக் கசிப்பு நினைவுக்கு வரும். அதுவல்ல இது. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி எந்த மதுவைத் தயாரித்தாலும் மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆனால் பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978 இல் அதற்கான சட்டம் கையொப்பமானது. இன்று அந்நாடுகளில் அது சட்டபூர்வமான பொழுதுபோக்கு.

பீஎச் என்னும் அளவுகோல் பிறந்ததே பியர்க்காரர் வீட்டில்தான். கொப்பன்ஹேகனில், கால்ஸ்பேர்க் மதுசாலை நிறுவனர் தொடங்கிய ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற டேனிஷ் இரசாயனவியலாளர் 1909 இல் அதனை வகுத்தார். நமது பனைத் தொழிலாளிக்கு அந்த அளவுகோல் தெரியாது. ஆனால் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் இனிப்பாகவே நிற்கும், பூசாவிட்டால் கள்ளாகிவிடும் என்பது தெரியும். காரம் மிகுந்தால் நொதித்தல் தடைப்படும் என்ற அதே இரசாயனந்தான்.

பியரில் இந்த அளவு முதலில் வேண்டப்படும் இடம், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை அரைத்துச் சுமார் 65 பாகை செல்சியசில் வெந்நீரில் ஊறவைக்கும் கூழ். மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்கள் நன்கு வேலை செய்ய, ஆறவைத்து அளக்கும்போது அதன் பீஎச் 5.2 இற்கும் 5.6 இற்கும் இடையில் இருப்பது நல்லது. அதற்கு மேற் சென்றால் உமியின் துவர்ப்பு பியரில் இறங்கும்.

இனி விளம்பரத்துக்கு வருவோம். பத்துப் பதினைந்து டொலர் விலையுள்ள பேனை போன்ற கருவி "0.01 வரை காட்டும்" என்கிறார்கள். காட்டும் என்பது உண்மை. சரியாகக் காட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பொடி எழுத்திற் பார்த்தால் துல்லியம் 0.1 கூடக் குறைய என்றிருக்கும். திரையில் 5.37 என்று வந்தால் உண்மை 5.27 ஆகவும் இருக்கலாம், 5.47 ஆகவும் இருக்கலாம். அந்தக் கடைசி இலக்கம் வெறும் அலங்காரம்.

இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது "தன்னியக்க வெப்பநிலைத் திருத்தம்" என்ற சொற்றொடர். அது இருந்தாற் கொதிக்கக் கொதிக்கக் கூழுக்குள் விட்டு அளக்கலாம் என்று வாங்குபவர் நினைக்கிறார். நினைக்கட்டும் என்று விற்பவர் மௌனம் சாதிக்கிறார். அந்தத் திருத்தம் மின்வாயின் இயல்பை மட்டுமே திருத்தும். ஒரு பீஎச் அலகுக்கு 25 பாகையில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று தரும் மின்வாய், 65 பாகையில் 67 தரும். கருவி கணக்கிற் சேர்ப்பது அதைத்தான். சூட்டினாற் கூழின் இரசாயனமே மாறி, அதன் பீஎச் உண்மையாகவே ஏறத்தாழ 0.3 இறங்கிவிடுவதை எந்தத் திருத்தமும் தொடாது. விளைவு என்ன? சூடான கூழில் ஒருவர் 5.1 என்று காண்கிறார். அமிலம் கூடிவிட்டதென்று பதறி அப்பச்சோடாவைப் போடுகிறார். ஆறவைத்துப் பார்த்திருந்தால் அது 5.4, கைவைக்கத் தேவையே இல்லாத கூழ். ஒருநாள் உழைப்பு துவர்த்துப் போகிறது. போதாததற்கு, அந்தச் சூடு மின்வாயின் ஆயுளையும் தின்கிறது. சிறிது சாற்றை எடுத்து 20 முதல் 25 பாகை வரை ஆறவைத்து அளப்பதே முறை.

எந்தக் கடைக்காரரும் வாய்திறவாத செய்தி, மின்வாய் சாகும் என்பது. நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் பெட்டிக்குள் இருக்கும்போதே மூப்படைகிறது. ஒன்றிரண்டு ஆண்டுகள் உழைத்தால் நல்ல ஆயுள். கடையொன்றிற் கேட்டேன், "வாழ்நாள் முழுக்க உழைக்கும்" என்றார்கள். பெட்டியில் தயாரித்த திகதியே இல்லை. எனவே மின்வாயைத் தனியே மாற்றக்கூடிய கருவியை, 0.05 அல்லது அதற்குக் குறைந்த பிழையுள்ளதை, இரண்டு புள்ளிகளில் அளவுதிருத்தம் செய்யக்கூடியதை வாங்குங்கள். திருகாணியைத் திருப்பி ஒரே புள்ளியிற் சரிபார்க்கும் மலிவுக் கருவியில், மின்வாய் தளர்ந்துவிட்டதை அறிய வழியில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கும் சிறிது உரிமை உண்டு. ஒப்செற் அச்சியந்திரத்தில் ஈரமூட்டும் நீரின் பீஎச் பிசகினால் மறுநாட் பத்திரிகையில் மை அப்பிவிடும். எங்கள் அச்சுக்கூடத்து மூத்த தொழிலாளி ஒருவர் மானியின் நுனியைக் காயவிட்டவனைப் பிள்ளையைப் பட்டினி போட்டவனைப் போல ஏசுவார். அவர் ஏசியது நியாயம். நுனி எப்போதும் பொற்றாசியம் குளோரைட்டுச் சேமிப்புக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் கழுவுவதற்கு மட்டுமே. அதில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் அயன்கள் வெளியே கசிந்து மின்வாய் கெடும். சுத்தமான நீர் என்பதால் நல்லதென்று எண்ணிப் பலர் செய்யும் கொலை இது. கழுவியபின் துடைக்காதீர்கள், மெல்லிய தாளால் ஒற்றியெடுங்கள். பியரின் புரதம் படலமாகப் படியும். அதற்கென விற்கும் கழுவு கரைசலை இடையிடையே பயன்படுத்துங்கள். பியரை அளக்குமுன் குலுக்கி வாயுவைப் போக்குங்கள். காய்ச்சும் நாள்தோறும் 7.01, 4.01 தாங்கற் கரைசல்களிற் சரிபாருங்கள். பாவித்த கரைசலைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். சில சதத்தை மிச்சம்பிடித்து முழுப் போத்தலையும் கெடுப்பீர்கள். இலக்கம் நிலைகொள்ள ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கத் தொடங்கி, கழுவியும் தேறாவிட்டால் மின்வாய்க்குக் காலம் முடிந்தது.

"மானி இல்லாமலே உலகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பியர் குடித்ததே" என்பார்கள். உண்மைதான். ரின்னில் அடைத்த மொல்ற்றுப் பாகில் காய்ச்சுபவருக்கு அந்தக் கூழ் வேலையைத் தொழிற்சாலை முன்பே செய்து முடித்துவிட்டது. அவர் மானி வாங்கவே தேவையில்லை. இதையும் எந்த விளம்பரமும் சொல்லாது. ஆனால் பியருக்கென வாங்கிய அதே மானியை ஊறுகாய்ப் போத்தலுக்குள்ளும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்றுப்புகாது அடைத்த உணவில் பீஎச் 4.6 இற்கு மேலிருந்தால் பொற்றுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர இடமுண்டு. அங்கே 4.5 என்று காட்டும் பேனை 0.1 பிழைவிட்டால் அது எல்லையிலேயே நிற்கிறது. அதைவிடக் கூடுதலாகப் பிழைவிட்டால் எல்லையைக் கடந்துவிட்டது. அந்தப் பத்து டொலர்ப் பேனையின் பெட்டியில் உணவுப் பொருள் படமும் அச்சிட்டு விற்கிறார்கள்.