இடுப்புப் பட்டி சைக்கிளை எண்ணாது

"இப்பத்தப் பிள்ளையள் அசையிறதே இல்லை" எண்டு புலம்பாத பெரியாக்கள் குறைவு. அந்தப் புலம்பலுக்கு இப்போது ஒரு கருவியும் இருக்கிறது. தீப்பெட்டியளவு சென்சர் ஒன்றைப் பிள்ளையின் இடுப்பில் கட்டி, ஒரு கிழமை விட்டு, கழற்றி, கணினியில் போட்டால் தீர்ப்பு வந்துவிடும். 5 முதல் 17 வயது வரையானோர் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மிதமாகவோ கடுமையாகவோ அசையவேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். அதற்குக் குறைந்தால் பெயில்.

கருவியோட எனக்குக் கோபம் இல்லை. போன செவ்வாய்க்கிழமை எத்தினை நிமிசம் ஓடினனி எண்டு ஒன்பது வயசுப் பொடியனிட்டக் கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்? கேள்விக்கொத்தை விட சென்சர் எவ்வளவோ மேல். ஆனால் அது தரும் இலக்கத்தைக் கடவுள் வாக்காக எடுப்பதுதான் பிரச்சினை.

சென்சர் அளப்பது முடுக்கத்தை மட்டும். நிமிடத்துக்கு இவ்வளவு எண்ணிக்கை வந்தால் "மிதமான அசைவு" என்று கோடு கிழிப்பது மனிசர். அந்தக் கோடும் ஒன்றல்ல. புயாவ் குழு 2002இல் கிழித்தது 3200. எவன்சன் குழு 2008இல் கிழித்தது 2296. அதுவும் 5 முதல் 8 வயதான 33 அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து. ஒரே பிள்ளை, ஒரே கிழமை, ஒரே பட்டி. ஒரு கோட்டில பாஸ், மற்றக் கோட்டில பெயில் ஆகலாம். பிள்ளைகள் சில செக்கன் பாய்ந்து ஓடி நிற்பவர்கள். ஒரு நிமிடத்துக்குச் சராசரி எடுத்தால் அந்த ஓட்டமும் கரைந்துபோகும்.

சைக்கிளில் இடுப்பு பெரிசா ஆடாது. எதிர்க்காத்துக்கு மூச்சு வாங்க உழக்கிப் பள்ளிக்கூடம் போற பிள்ளை, பட்டியின் கணக்கில் கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. தண்ணி வாளியைத் தூக்கி நடந்தாலும் நடை மட்டும்தான் பதியும், பாரம் பதியாது. பெண்பிள்ளைகள் குறைவாக அசைகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சரி, அவர்களை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னோம், மைதானத்தில் அவர்களுக்கு எந்த மூலை கிடைத்தது என்பதை எந்தப் பட்டி அளக்கும்?

அக்காவின் மகள் இந்த வருசம் புலமைப்பரிசில் எடுக்கிறாள். பள்ளிக்கூடம், ரியூசன், வீட்டில் மாதிரி வினாத்தாள். ஞாயிறும் அதே கதைதான். "சித்தி, சோதினை முடிய விளையாடலாம்தானே?" எண்டு கேக்கிறாள். அவளுக்குப் பட்டி கட்டினால் குறைந்த இலக்கம்தான் வரும், அது பிழையும் இல்லை. ஆனா அந்த இலக்கம் அவளின்ரயா? நேர அட்டவணை போட்ட எங்கடையா?

அளக்கிறவர்கள் அளக்கட்டும். எந்தக் கோடு, எத்தனை செக்கன் துண்டு என்பதை வெளிப்படையாக எழுதட்டும். சைக்கிளையும் வீட்டு வேலையையும் தனியாகக் கேட்டுப் பதியட்டும். பிள்ளை அசைந்த நிமிடத்துக்குப் பக்கத்தில், அசைய விடப்பட்ட நிமிடத்தையும் ஒரு நிரலில் போடட்டும். அந்த இரண்டாவது நிரல் இல்லாத அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளையளைச் சோம்பேறி எண்டு சொல்லாதேங்கோ.