மாமாவும் கத்துற காரும்

எங்கட ஊர்களில ஓடுற கார்களில கனக்க யப்பானில இருந்து வந்தவை. வாகன் ஆர், வெசல் மாதிரி. முன்னுக்கு ஏதும் வந்தால் தானாக பிரேக் பிடிக்கிற, கோட்டை விட்டு விலகினால் சத்தம் போடுற வசதி சிலதில இருக்கு. மாமாமார் செய்யிற முதல் வேலை அதை நிப்பாட்டுறது. “முப்பது வருசமா ஓடுறன், இது எனக்குச் சொல்லித் தருதோ?”

நாங்கள் சிரிக்கிறம். ஆனால் அந்தக் கார் பேசுறது யப்பான் மொழியில. விளங்காத குரல் ஓயாமல் அதட்டினால் நாங்களும் நிப்பாட்டத்தான் செய்வம்.

2019இல் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஒருவர் ஓடிய கார் ஒரு தாயையும் மகளையும் கொன்றது. பிரேக் என்று அக்சிலேட்டரை மிதித்திருந்தார். 2022இல், இப்படி உதவி செய்கிற கார்களை மட்டும் ஓடுவதற்கான அனுமதிப்பத்திரம் அங்கு வந்தது. விரும்பினவர் எடுக்கலாம். ஓட்டத்தையே விடச் சொல்லாத நடுவழி அது.

இங்கயும் “வயசு போட்டுது, ஓடாதேங்கோ” எண்டு சொல்லுறது சுலபம். பிறகு மாமியை கிளினிக்குக்கு ஆர் கொண்டு போறது?

மாமாவுக்கு வாட்ஸ்அப் பழக்கினது நாங்கள்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில இருந்து, எந்தச் சத்தம் எதுக்கு எண்டு சொல்லிக் குடுப்பம். அதை நம்பி ரோட்டில இருந்து கண்ணை எடுக்கேலாது எண்டதையும் சேர்த்து.