தபால் பையும் தண்டனைச் சட்டமும்

பெட்டியில் போட்ட கடிதம் அனுப்பினவர் கையிலும் இல்லை. பெறுவோர் கையிலும் இல்லை. வழி நெடுக அதற்குச் சட்டம் ஒன்றே துணை. அத்துணை இன்று குறைந்திருப்பதைத் தேசாபிமானிகள் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

1898-ம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டம் அந்நிய சர்க்கார் இயற்றியதே. ஆயினும் அதன் 52-வது பிரிவு, தபால் சிப்பந்தி எவரேனும் கடிதத்தைத் திருடினாலும், எந்த நோக்கத்துடனாவது ஒளித்தாலும், அழித்தாலும், வீசியெறிந்தாலும் 7 வருஷம் வரை சிறைவாசம் என்று விதித்தது. 2024 ஜூன் 18-ம் தேதி அமலுக்கு வந்த 2023-ம் வருஷத்துப் புதிய சட்டம் அதை ரத்துச் செய்தது. அப்பிரிவுக்கு ஈடாக ஒன்றும் இதில் இல்லை.

திருட்டுக்குத்தான் பாரதீய நியாய சம்ஹிதை இருக்கிறதே என்பர். உண்மை, நம்பிக்கை மோசம் செய்யும் சர்க்கார் ஊழியருக்கு அதன் 316-வது பிரிவு ஆயுள் சிறை வரை விதிக்கிறது. ஆனால் களவுக்கும் நம்பிக்கை மோசத்துக்கும் கபட எண்ணம் ருசுவாக வேண்டும். ஒரு காசும் கவராமல், சோம்பலால் ஒரு கட்டுக் கடிதங்களைக் கிணற்றில் எறிந்தவரை அவ்வலையில் பிடிப்பது எளிதன்று. இலாகா விசாரணை நடக்கலாம். ஆனால் திருமயம் தாலுகாக் கிராமத்து இளைஞன் ஒருவனுக்கு வந்த உத்தியோக உத்தரவு அக்கட்டில் இருந்திருந்தால், போனது போனதுதான்.

சென்னைச் சர்க்காரைக் கேட்டுப் பயனில்லை. அரசியல் சாசனத்தின் 7-வது அட்டவணைப்படி தபால் மத்திய சர்க்காருக்கே உரியது.

சிப்பந்திக்குரிய தண்டனையைக் கைவிட்ட சட்டம், கடிதத்தை உடைக்கும் அதிகாரத்தைக் கைவிடவில்லை. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகவும், எந்தச் சட்டமாயினும் மீறப்பட்டதென்பதற்காகவும் தபாலை மறித்துப் பிரிக்க 9-வது பிரிவு இடந்தருகிறது. 1986-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவொன்றுக்கு ஜனாதிபதி ஜெயில் சிங் சம்மதம் அளிக்கவேயில்லை. டெலிபோன் ஒட்டுக் கேட்பதற்கு 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்த கட்டுப்பாடுகள் போன்றவையும் இச்சட்டத்தில் எழுதப்படவில்லை. வேலிக்கு வலிமை சேர்த்து, பயிரை மறந்த கதை இது.

நாம் கோருவன இரண்டே. நோக்கம் எதுவாயினும் தபாலை வேண்டுமென்றே மறைப்பதும் எறிவதும் மீண்டும் குற்றமாதல் வேண்டும். கடிதத்தைப் பிரிக்கும் உத்தரவு, காரணம் எழுதப்பெற்று மறுபரிசீலனைக்கு உட்படவும் வேண்டும்.

திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி மத்திய சட்டசபையில் கேள்விகளாலேயே அந்நிய சர்க்காரைத் திணற அடித்தவர். அவ்வூரார் தம் பார்லிமெண்ட் பிரதிநிதியிடம் இவ்விரண்டு கேள்விகளையும் ஒப்படைப்பார்களாக!