மனதுக்கும் ஒரு மருந்துப் பெட்டி

 

உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு மூலையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். அதில் பெனடோல், சித்தாலேப, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்டர் என்று போட்டு வைத்திருப்பீர்கள். குசினியில் கொத்தமல்லி தீராமல் பார்த்துக்கொள்வீர்கள். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கடை தேடி ஓட முடியாது அல்லவா? ஆகவே எல்லோரும் சுகமாக இருக்கும்போதே மருந்தைச் சேர்த்து வைக்கிறோம்.

உடலுக்கு இவ்வளவு ஆயத்தம் செய்யும் நாம், மனதுக்கென்று என்ன வைத்திருக்கிறோம்?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். 2022 மார்ச் மாதக் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம். காஸ் முடிந்து மூன்று நாள். நோன்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஈர விறகை ஊதி ஊதி என் கண்கள் எரிந்துகொண்டிருந்தன. மாமியின் சீனி வியாதி மருந்து எந்தக் கடையிலும் இல்லை என்று கணவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சின்ன மகளின் கை பட்டு ஒரு பீங்கான் விழுந்து உடைந்தது. நான் ஏசிய ஏச்சு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். கையையும் ஓங்கிவிட்டேன்.

இரவு படுக்கையில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "உம்மா, பீங்கான் உடைஞ்சதுக்கா இவ்வளவு ஏசினீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. காஸுக்கும் கரண்டுக்கும் மருந்துக்கும் சேர்ந்த கோபம் முழுவதையும் எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கொட்டியிருந்தேன். அந்த வீட்டில் எனக்குத் திருப்பி ஏச முடியாத ஒரே ஆள் அவள்தான்.

சகோதரிகளே, மன அழுத்தம் என்பது வெறும் 'டென்ஷன்' என்ற சொல் அல்ல. அது உடலில் நடக்கும் ஒரு காரியம். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. மூச்சு குறுகுகிறது. இரத்தத்தில் சீனி கூடுகிறது. தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஆயத்தம் நல்லது. ஆனால் கரண்ட் பில்லைக் கண்டு எங்கே ஓடுவது? ஓடவும் முடியாமல், எதிர்க்கவும் முடியாமல் உடல் நாள் முழுவதும் இறுகியே இருக்கிறது. தலையிடி, கழுத்து நோவு, வயிற்றெரிவு, தூக்கமின்மை என்று அதுதான் பின்னர் வெளிப்படுகிறது.

இதற்கு வழி என்ன? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் பிறந்து, கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி அவர்கள், உடலின் நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியுமாக ஒரு நூலை எழுதினார். திடீர் நோய்க்கென்று மருந்துகளை வீட்டில் வைத்திருப்பது போல, திடீரெனப் பொங்கும் உணர்ச்சிகளுக்கென்று நல்ல சிந்தனைகளை மனம் அமைதியாக இருக்கும்போதே தயாரித்து வைக்க வேண்டும் என்பது அவரது கருத்து. கோபம் வந்த பிறகு மருந்து தேடினால் கிடைக்காது என்பதை நான் அந்த பீங்கானில் கற்றுக்கொண்டேன்.

என் பெட்டியில் இப்போது நான்கு மருந்துகள் இருக்கின்றன.

முதலாவது, அடையாளம் அறிதல். கோபம் வாயில் வருவதற்கு முன்னர் உடலில் வருகிறது. எனக்குத் தாடை இறுகும். உங்களுக்குத் தோள் இறுகலாம், கை நடுங்கலாம். உங்கள் அடையாளம் எது என்று பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, மூச்சு. அடையாளம் தெரிந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விடுவேன். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுவேன். பத்து முறை. இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெளிவிடும் மூச்சு நீளும்போது நெஞ்சின் படபடப்புத் தணிகிறது.

மூன்றாவது, ஒரு தாள். இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளையின் பழைய கொப்பியில் நடுவே கோடு கிழிக்கிறேன். நாளை என்னால் செய்யக்கூடியது ஒரு பக்கம். என் கையில் இல்லாதது மறுபக்கம். சாமான் விலை என் கையில் இல்லை. நாளைய கறி என் கையில் இருக்கிறது. தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தவை தாளில் இறங்கினால் தூக்கம் சற்று இலகுவாக வருகிறது.

நான்காவது, வாய் திறந்து சொல்வது. "எனக்கு யாருமே உதவி இல்லை" என்று அழுதால் வீட்டில் எவருக்கும் எதுவும் விளங்காது. "அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் பிள்ளைகளின் வீட்டுவேலையை நீங்கள் பாருங்கள்" என்று கணவரிடம் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளத்தின் நோய்க்கு நமக்குள்ளிருந்து வரும் சிந்தனை ஒரு மருந்து, வெளியிலிருந்து வரும் நல்ல வார்த்தை இன்னொரு மருந்து என்று அல்-பல்கியும் சொல்கிறார். ஒரு ராத்தாவிடமோ தோழியிடமோ மனம் திறந்து பேசுவது குறையல்ல.

ஆனால் பெனடோலுக்கு அடங்காத காய்ச்சலும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் கவலை விலகாமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குலைந்தால், எதிலுமே விருப்பமற்றுப் போனால் வைத்தியரிடம் போங்கள். இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். "ஈமான் குறைவு" என்று அப்படிப்பட்டவரைக் குத்திப் பேசாதீர்கள். சீனி வியாதிக்காரரிடம் அப்படிச் சொல்வோமா?

அந்த இரவுக்கு மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டு, "உம்மா செய்தது பிழை மகள்" என்று சொன்னேன். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் தவறியிருக்கிறேன். ஆனாலும் முன்னரைப் போல் அல்ல. சென்ற வாரம் தாடை இறுகிப் பின்வாசலுக்குப் போய் நின்றபோது, உள்ளேயிருந்து அவள் தம்பியிடம் சொல்வது கேட்டது:

"சத்தம் போடாதே. உம்மா மருந்து குடிக்கிறாங்க."

உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.