முகவரி ஒன்று, மார்க்கு வேறு



கடை வரிசையில் பலர் சேர்ந்து ஒரே இணைய இணைப்பில் கண்காணிப்புக் கேமராக்களை ஓட்டுவது சிக்கனம்தான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனை கடைக்கும் ஒரே முகவரிதான் தெரியும். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவை போதாததால் வந்த ஏற்பாடு இது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளா செல்லும் லாரியில் பல மண்டிச் சரக்கு ஏறுகிறது. லாரி எண்ணைப் பார்த்தா மூட்டையைப் பிரிக்கிறோம்? மார்க்கைப் பார்த்துத்தான். அதுபோல ஒவ்வொரு கடையின் பதிவுப் பெட்டிக்கும் தனிப் பெயரும் தனி ரகசியச் சொல்லும் அவசியம். இல்லையேல் திருட்டு நடந்த அன்று எது யார் கடைப் படம் என்று தேடி அலைய நேரும்.

கம்பெனி வைத்த ரகசியச் சொல்லை மாற்றாத கேமராக்களைப் பிடித்தே 2016-இல் 'மிராய்' என்ற கணினிக் கிருமி பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களே முடங்கின. நம் வரிசையிலும் ஒரு கடை கேமரா பிறர் கைக்குப் போனால், அதே இணைப்பிலுள்ள மற்ற கடைகளுக்கும் ஆபத்து.

ஆகவே இணைப்புச் செலவைப் பங்கிடும் முன், ரகசியச் சொல்லை மாற்றாத கடையைச் சேர்ப்பதில்லை என்று வரிசைதோறும் முடிவெடுக்க வேண்டுகிறேன்.